பதினாலு கிலோமீட்டர் பார்வதம்மா

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இருபது வருஷமாகத் தெரு பெருக்கும் பார்வதம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சொகுசு உண்டு. காலை ஒன்பது மணிக்குத் தோழி ஷோபாவோடு டீக்கடை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பது. அதற்குத்தான் சர்க்கார் வேட்டு வைத்தது.

ஒருநாள் சூப்பர்வைசர் பிரதாப் ஆளுக்கொரு வாட்ச் கட்டிவிட்டார். "இனிமே மேஸ்திரி இல்ல, கும்பிடு இல்ல. கம்ப்யூட்டரே ஹாஜர் போட்டுக்கும். உங்களுக்கெல்லாம் சுதந்திரம்மா!" என்றார்.

நல்ல சுதந்திரம்! பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வாட்ச் கீகீ என்று கத்தும். அரைநாள் ஹாஜர் போச்சு. பயந்தாங்கொள்ளி ஷோபா டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு டீக்கடையையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

பார்வதம்மாவா சும்மா இருப்பாள்? அவள் புருஷன் வேலு தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் ஊர் சுற்றப் போகும் நாளில் கூட்டாளி அவர் ஹாஜர் டோக்கனையும் சேர்த்துச் சுரங்க வாசலில் கொடுத்துவிடுவான். டோக்கன் போனால் ஆளும் சுரங்கக் குழிக்குள் இறங்கிய கணக்கு.

"டோக்கனே ஷிப்ட் பாத்துச்சே, வாட்ச் பெருக்காதா இன்னா?" என்று கழற்றித் தன் ஆட்டின் கழுத்தில் கட்டினாள். ஆடு சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேடு வரை மேய்ந்து திரும்பியது. அவள் தெருவையும் பெருக்கினாள், டீயும் குடித்தாள். அடடா, அந்த ஒரு மாதம் மகாராணிதான்!

மாதக் கடைசியில் பிரதாப் கைதட்டிக்கொண்டே வந்தார்.

"பார்வதம்மா தினம் பதினாலு கிலோமீட்டர் நடந்திருக்காங்க! ஷோபா ரெண்டுதான். இன்னாத்துக்கு ரெண்டு ஆளு? ஷோபா நாளைலேருந்து வரவேணாம். ஷோபா தெருவையும் பார்வதம்மாவே பாத்துக்குவாங்க."

ஷோபா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள். பார்வதம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாவி, நானே அவள் சோற்றில் மண்ணைப் போட்டேனே!

மறுநாள் காலையில் வாட்ச் கட்டிய ஆட்டை இழுத்துக்கொண்டு ஆபீசுக்கே போனாள்.

"சார், பதினாலு கிலோமீட்டர் நடந்தது இதுதான். நான் ரெண்டுகூட நடக்கல. ஷோபாவத் திரும்பக் கூப்புடுங்க."

பிரதாப் ஆட்டைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். திரையில் பச்சைப் புள்ளி மின்னியது.

"பார்வதம்மா ஆபீஸ்ல இருக்காங்க, சரியாத்தான் காட்டுது," என்று ஆட்டுக்கு ஹாஜர் போட்டார். பிறகு நிமிர்ந்தார். "நீ யாரும்மா?"

"நான்தான் சார் பார்வதம்மா!"

"வாட்ச் எங்கம்மா உன் கைல? புதுசா ஆள் எடுக்கல, போம்மா."

அன்று ஒன்பது மணிக்குப் பார்வதம்மாவும் ஷோபாவும் டீக்கடை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் ஆனது. மத்தியானமும் ஆனது. எதுவும் கத்தவில்லை.