நடேசனின் இரட்டை இண்டென்ட்

நடேசன் சாரிடம் நான் பதினோரு வருஷம் குப்பை கொட்டினேன். ஹைதராபாத்தில் எங்கள் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அவர் அதிகாரி, நான் டைப்பிஸ்ட். லஞ்சம் என்று அவர் ஒரு காபி கூட வாங்கியதில்லை. அதனால் அவருக்குத் தன் மேலேயே அபார மரியாதை. அப்படிப்பட்ட மனிதர்கள் செய்யும் தப்பை யாரும் தடுப்பதில்லை. நானும் தடுக்கவில்லை.

அவருடைய வேதம் ஒன்றே ஒன்றுதான். நூறு சிப் வேண்டுமென்றால் இருநூறுக்கு இண்டென்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, எழுத வேண்டும். டெல்லியில் பாதியை வெட்டுவார்கள், அல்லது விற்பவன் பாதியைத்தான் அனுப்புவான். கடைசியில் வேண்டியது வந்து சேரும். முப்பது வருஷமாக இது பொய்த்ததே இல்லை. "கேக்குததுல என்ன கஞ்சத்தனம், இளங்கோ? ரெட்டையாக் கேளு" என்பார். நானும் தட்டித் தள்ளுவேன்.

இரண்டாயிரமாவது ஆண்டில் சிப்புக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. ஊருக்கு வெளியே நல்லமலா சிலிகான் என்று ஒரு கம்பெனி சிப் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் வாசலில் எல்லாரும் வரிசை நின்றார்கள். எங்களுக்குத் தேவை இருபதாயிரம். சார் நாற்பதாயிரத்துக்கு ஆர்டர் கொடுத்தார். கடிதத்தை அடித்தவன் நான்.

அந்த வருஷக் கடைசியில் நல்லமலா பங்கு வெளியிட்டது. இரண்டு வருஷத்துக்குக் கையில் ஆர்டர் இருக்கிறது, இந்தத் துறைக்கு இனி ஏறுமுகம்தான் என்று விளம்பரக் குறிப்பில் போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் பட்டியலில் எங்கள் தொழிற்சாலையின் பெயரும் இருந்தது. சார் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். தான் கொடுத்த ஆர்டரில் பாதி சும்மா எழுதியது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மற்றவர்கள் எழுதியதெல்லாம் சத்தியம் என்று நம்பினார். இந்த ஊரில் கெட்டிக்காரன் தான் ஒருவன்தான் என்ற நினைப்பு அவருக்கு.

அவருடைய தங்கை பகவதி மல்காஜ்கிரியில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். புருஷன் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும்போதே இறந்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு வருஷம் கூட இல்லை. செட்டில்மென்டாக வந்தது நாலு லட்சம். பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார்; அதன் விலை ஐந்து லட்சம். மீதி ஒரு லட்சத்துக்கு எங்கே போவது?

சார் வழி சொன்னார். இரண்டு லட்சத்தைப் பங்கில் போட்டால் ஆறு மாதத்தில் மூன்றாகும், ஃபிளாட் கைக்கு வந்துவிடும். விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"நாலு லச்சத்துக்கும் போடுட்டி."

"அண்ணே, ரெண்டுதான சொன்ன?"

"ரெண்டு கேட்டா ஒண்ணுதான் தருவான். கூட்டம் அப்படி. நாலு கேளு, பாதி ரீஃபண்டா வீடு தேடி வந்துரும். முப்பது வருசமா இதத்தான செய்யுதேன்?"

பகவதி அக்கா கையெழுத்துப் போட்டார். அண்ணன் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

ரீஃபண்ட் வரவில்லை. கேட்ட பங்கு முழுவதும் வந்தது. சந்தை அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்ததால் விவரம் தெரிந்தவன் எவனும் கேட்கவில்லை. அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டாமா? சார் என்ன சொன்னார் தெரியுமா? "யோகம்டே! கேட்டதெல்லாம் கெடச்சிருக்கு" என்று ஆபீஸில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நானும் இரண்டு தின்றேன்.

பிப்ரவரியில் டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது: தேவைக்கு மேல் உள்ள ஆர்டர்களை உடனே ரத்து செய்யவும். நல்லமலாவுக்கு இருபதாயிரம் சிப் வேண்டாம் என்று நான்தான் அடித்தேன். காகிதத்தை அவர் முன் வைத்துவிட்டு, "சார், இது வெளியே தெரியறதுக்கு முன்னால அக்கா பங்கை வித்துடலாமே" என்றேன்.

"ஆபீஸ் காயிதத்தப் பாத்து விக்கது யோக்கியமா? அதுவும் போக, நாம ஒருத்தன் வேண்டாம்னா அவன் குடி முழுகிருமா? மத்தவன்லாம் நெசமாத்தான வாங்குதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நேர்மைக்கு நேர்மையும் ஆயிற்று, முட்டாள்தனத்துக்கு முட்டாள்தனமும் ஆயிற்று. மூன்று தெரு நடந்து பகவதி அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். சொல்லவில்லை. அதிகாரியைப் பகைத்துக்கொண்டால் என் பிரமோஷன் என்னாவது?

எல்லாரும் இரட்டையாகக் கேட்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதத்தில் வேண்டாம் என்றார்கள். அறுபது ரூபாய்க்கு வாங்கிய பங்கு ஜூலையில் ஏழு ரூபாய். அப்புறம் அதை ஏழு ரூபாய்க்கும் கேட்க ஆளில்லை.

ஆகஸ்டில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. லோத்குண்டாவில், ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டி, ஒற்றை அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அதற்குள் எது நுழையும்? கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை எல்லாவற்றையும் பக்கத்து வீடுகளுக்கு விற்றிருந்தார். சாமான் ஏற்ற நானும் போனேன். வராண்டாவில் நாலு டிரங்குப் பெட்டியும் ஒரு ஸ்டவ்வும் பாத்திர மூட்டையும் இருந்தன. சார் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. இரண்டையும் வரச் சொன்னவர் சார்தான். ஒன்று கேட்டால் வரமாட்டான் என்று இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருந்தாராம். வேறு எந்த நாளிலும் வராதவர்கள் அன்று இரண்டு பேரும் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்கள்.

பெட்டிகளை முதல் டெம்போவில் ஏற்றினோம். பாதி கூட நிறையவில்லை. இரண்டாவது டிரைவர் இறங்கி வந்து, "கியா சாப், மேரேகு கைக்கு புலாயே?" என்றான் சாரிடம். தன்னை எதற்குக் கூப்பிட்டார் என்று கேட்கிறான்.

பகவதி அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாயை எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். கோபமாகக் கூட இல்லை.

"இவனப் போகச் சொல்லுண்ணே. இதாவது திரும்பிப் போட்டும்."