பதினான்கு பீடிங்கும் ஒரு காந்தமும்

1. பெருமாள் மகன் சுந்தரபாண்டியாகிய நான், வயது ஐம்பத்து நான்கு, பழனிசெட்டிபட்டியில் குடியிருந்து தேனியில் வழக்குரைஞராகத் தொழில் செய்து வருகிறேன். கீழே சொல்பவை யாவும் நானே கண்டவை, நானே செய்தவை. நண்பர்கள் நம்பிப் படிக்கலாம்.

2. கொதிக்கும் காஸ்டிக் சோடாவின் நெடி... மூக்கின் உள்ளே ஊசி குத்துவது போல இருக்கும். என் திருமணம் அந்த நெடியில்தான் தொடங்கியது.

இதற்கு மேல் பத்திக்கு எண் போடும் பொறுமை எனக்கு இல்லை. சென்ற ஞாயிறு நடந்ததை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது!

அப்போது நான் சீனியரின் கட்டுகளைச் சுமக்கும் ஜூனியர். தேவாரத்துச் செல்வியை மணக்க விரும்பினேன், அவளும் விரும்பினாள். அவள் அப்பா ஏலக்காய் வியாபாரி. அவரிடம் அறுபதுகளின் அம்பாசிடர் ஒன்று இருந்தது. கதவோரத்திலும் பானெட்டிலும் ஓடும் உலோகப் பட்டைகள், அதாவது பீடிங், முழுக்க மங்கிக் கிடந்தன.

“பீடிங்க எல்லாம் கழட்டி, மொகம் தெரியிற மாதிரி பாலிஷ் போட்டுக் கொண்டாங்க தம்பி. ஒரு வேலைய ஒழுங்காச் செய்யிறீகளான்னு பாப்போம். பெறகு தேதி குறிக்கலாம்” என்றார்.

பதினான்கு பட்டைகள். ஒவ்வொன்றையும் பழைய வழக்குப் பட்டியல் தாளில் சுற்றி, ‘ஆவணம் 1’ முதல் ‘ஆவணம் 14’ வரை சீட்டு ஒட்டினேன்.

பழனிசெட்டிபட்டியில் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு பாலிஷ் போடும் பட்டறை வைத்திருந்தவர் முத்துலட்சுமி அக்கா. கட்டைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“வக்கீலு, எல்லாம் எவர்சில்வர்தானா? மொதல்ல சோடாத் தொட்டியில போட்டு அழுக்கெடுப்பேன். அலுமினியம்னா தின்னுப்புடும்.”

அதற்கும் தயாராகவே போயிருந்தேன். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துப் பதினான்கிலும் வைத்துக் காட்டினேன். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று கேட்டிருந்தேன்; எதிலும் ஒட்டவில்லை. “பதினான்கும் எவர்சில்வர்” என்று எழுதி, கையொப்பமிட்டு, அக்காவிடமே கொடுத்தேன்.

அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. அது எனக்குத் தெரியாது.

பதின்மூன்று பட்டைகள் தொட்டிக்குள் அமைதியாகக் கிடந்தன. பதினான்காவது, பானெட் நுனியில் இருக்கும் ஒன்றரைச் சாண் பட்டை, நுரைத்துச் சீறியது!

“ஆத்தாடி! வக்கீலு, ஒங்க எவர்சில்வரு இட்லி மாவாட்டம் பொங்குது!”

இடுக்கியால் அக்கா தூக்கியபோது அது கறுத்து, அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது.

மற்றவை பஃபிங் என்னும் சுழலும் துணிச் சக்கரத்தில் ஏறின. பச்சைப் பாலிஷ் கட்டி தொட்டதும் மங்கல் விலகி, ஒரு வெள்ளிக்கோடு பட்டையின் மேல் ஓடியது... அதில் என் முகம் தெரிந்தது. பயந்த முகம்தான். ஆனாலும் துள்ளிவிட்டேன்!

அக்கா என் தாளை நீட்டினார். “இதக் கிழிச்சுப் போட்டுட்டு, அது ஏற்கெனவே அப்பிடித்தான் இருந்துச்சுன்னு சொல்லிருங்க. அவுகளுக்கு என்ன தெரியப் போகுது?”

மனம் ஒரு கணம் ஆடியது உண்மை. மறுநாள் காலை பேருந்தில் தேவாரம் போய், பதின்மூன்றையும் கெட்ட ஒன்றையும் அந்தத் தாளையும் செல்வியின் அப்பா முன் சேர்த்தே வைத்தேன்.

“நுனிப் பட்டை என்னால் கெட்டது. அக்காவின் பிழை இல்லை. இது என் கையெழுத்து.”

அவர் தாளைப் படித்தார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் அழைத்துப் போனார். தேதி போயிற்று என்றே நினைத்தேன்.

“மெல்லப் பேசுங்க. ஒரிஜினல் பட்டை போடிமெட்டு வளைவுல கழண்டு விழுந்துருச்சு. இது செல்வி அம்மாவோட அலுமினிய இட்லிக் கொப்பரை மூடி. நாந்தான் வெட்டித் தட்டி மாட்டுனேன். பக்கத்து வீட்டு ராசாத்திதான் எடுத்துட்டான்னு இவ இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட மொகம் குடுத்துப் பேசுறதில்ல.”

தாளை மடித்து என் சட்டைப் பையில் செருகினார்.

“நீங்க எழுதிக் குடுத்த தப்ப நீங்களே கொண்டாந்து குடுக்குறீக. நான் வாயத் தொறக்காம இருக்கேன்... சரி, காபி குடிக்க வாங்க மாப்ள.”

மாப்ள! அதுவரை தம்பி. அந்த ஒரு சொல்லுக்கு இணையான தீர்ப்பை இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் நான் பெறவில்லை.

கல்யாண ஊர்வலத்தில் பதின்மூன்று பட்டைகள் பளபளக்க, ஒன்று மட்டும் மூக்கில் மங்கலாகப் போயிற்று.

இப்போது காரும், செல்வியின் பெற்றோரான மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டில்தான். இன்றைக்கு பீடிங் வேண்டுமென்றால் போனில் தொட்டால் போதும். கூரியரில் மெத்தை போன்ற உறை சுற்றி வருகிறது. அப்படி வந்த புதிய நுனிப் பட்டையைச் சென்ற ஞாயிறு மாட்ட எண்ணி, பழையதைக் கழற்றினேன். அருகில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த அத்தை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். மாட்டினால் மறையும் மடிப்பில் இரண்டு ஓட்டைகள்.

“இது என் கொப்பரை மூடியில்ல! பிடி கழண்டப்ப நாந்தான ஆணி வச்சு இந்த ஓட்டையப் போட்டேன்!”

மாமா என்னைக் காட்டினார். “மாப்ளக்கு எல்லாம் தெரியும்.”

அத்தை எங்கள் இருவரையும் பார்த்த பார்வைக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. பிறகு முந்தானையால் பட்டையைத் துடைத்தார்கள். புதியதை ஓரமாகத் தள்ளினார்கள்.

“அங்கனயே மாட்டுங்க. ஊருக்குள்ள எவ வீட்டுக் கொப்பரை மூடி கார்ல போகுது?”

மாட்டிவிட்டேன். அன்று மாலையே அந்தக் காரில் அத்தை தேவாரம் புறப்பட்டார்கள், ராசாத்தி வீட்டுக்கு.

(ஒப்பம்)
பெ. சுந்தரபாண்டி

சாட்சிகள்:
1. முத்துலட்சுமி, பாலிஷ் பட்டறை
2. ராசாத்தி, பக்கத்து வீடு (சென்ற ஞாயிறு முதல் நிரபராதி)