எழுவைதீவு மின் நிலையத்துக்குச் சந்தனம் பூசிய கதை

போன பங்குனியில் எழுவைதீவு மின் நிலையத்தில் என்னைக் காகம் என்று நினைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால், போன காரணம். என் மகள் கஜனி அங்கே மூன்று மாதப் பயிற்சியில் இருந்தாள். வேலை நிரந்தரமாவதற்குத் திங்கட்கிழமை கையெழுத்து வைக்கவேண்டும். கடல் நடுவில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று, அவளைக் கையோடு கூட்டிவர சனிக்கிழமை புறப்பட்டேன். அவளிடம் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

கரவெட்டியில் காலை 5.30க்கு பஸ். யாழ்ப்பாணத்தில் மாறி, 8.20க்கு ஊர்காவற்றுறை. இரண்டு பஸ்ஸுக்கும் 290 ரூபா கொடுத்தேன். படகு 9 மணிக்கு. 100 ரூபா, அரை மணி ஓட்டம். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிப் புத்தகத்தை மூடியவன் நான். "தம்பி, மின் நிலையத்தின்ரை புகைக்குழாய் எந்தப் பக்கம் தெரியும்?" என்று படகோட்டியைக் கேட்டேன்.

"அங்கை புகை இல்லை ஐயா. வெயிலும் காத்தும்தான் கறன்ற் தருது. ஜெனரேற்றர் சும்மா காவலுக்கு நிக்குது."

இறங்குதுறையில் இருந்து பத்து நிமிட நடை. கஜனி உள்ளே வேலையாக இருந்ததால் வாசல் காவலாளி என்னை மர நிழலில் இருத்தினார். முன்னால் வரிசை வரிசையாகச் சோலர் தகடுகள், பின்னால் காற்றாடிகள். புதுச் சாமான் எதைக் கண்டாலும் சந்தனம் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தண்ணீர் இறைக்கிற மெசினுக்கும் வைத்திருக்கிறேன். சட்டைப்பையில் கோயில் திருநீறும் சந்தனமும் இருந்தன. முதல் தகட்டில் அகலமாக மூன்று குறி இழுத்து, நடுவில் ஒரு பொட்டும் வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து பொறுப்பாளர் அன்ரனின் குரல் கேட்டது. "பிள்ளை, முதல் வரிசையிலை கறன்ற் இறங்குது. காகம் எச்சம் போட்டிட்டுதோ, பார்."

கஜனி ஈரத்துணியோடு வந்தாள். தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காகம் இல்லை அண்ணை. எங்கடை அப்பா."

அன்ரன் வெளியே வந்து பார்த்தார். "எங்கடை காகங்கள் வேதக்காரர் ஐயா, சேர்ச்சுக்குப் போறதுகள், திருநீறு பூசாது," என்றார். தகட்டில் சின்ன மறைப்பு விழுந்தாலும் அந்த வரிசை முழுவதிலும் கறன்ற் குறையும் என்று மகள் துடைத்தபடி விளக்கினாள். பாதி விளங்கியது. மிச்சத்துக்குத் தலையாட்டினேன்.

அப்போது அரிசி மா மில் வைத்திருக்கும் ஓர் அம்மா வேலியோரம் வந்து நின்றார். "பிள்ளை, இண்டைக்கு மில்லை எப்ப போடட்டும்?"

கஜனி வானத்தைப் பார்த்தாள். உள்ளே போய் பற்றரியின் அளவைப் பார்த்து வந்தாள். "முகில் கலையுது அன்ரி. பதினொண்டரைக்குப் போடுங்கோ."

ஓம் என்று அவர் போய்விட்டார். வெயில் ஏறும் நேரத்தில் அரைத்தால் டீசல் எரிக்கத் தேவையில்லையாம். படகில் வரவேண்டிய டீசல் அல்லவா? பதினொன்றரைக்கு மில் சத்தம் கேட்டது; ஜெனரேற்றர் அசையவில்லை. என் வீட்டில் நான் சொன்னால் ஒரு மின்விசிறிகூட நிற்காது. இங்கே என் மகள் சொன்ன நேரத்துக்கு ஒரு மில் ஓடுகிறது. எங்கள் யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் தோட்டக் கிணறுகளும் இப்படி வெயில் பார்த்து இறைத்தால் என்ன என்று எனக்குள் ஒரு யோசனை ஓடத் தொடங்கியது.

போகிறவர்களுக்கு: முதலே கேட்டு அனுமதி வாங்குங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேளுங்கள், எனக்கு 2.30க்குக் கிடைத்தது. சந்தனத்தை நெற்றியில் மட்டும் வையுங்கள்.

இறங்குதுறை வரை கஜனி வந்தாள். "அப்பா, திங்கட்கிழமை கையெழுத்து வைக்கட்டோ?"

"வடிவா வாசிச்சுப் போட்டு வை," என்றேன்.

அவள் படகில் எனக்கு நிழலான இடம் பார்த்தாள். பிறகு, "நீங்கள் மறிக்கத்தான் வாறியள் எண்டு ரெண்டு நாளா நித்திரை இல்லை அப்பா. பாக்கத்தான் வந்திருக்கிறியள்," என்றாள்.

படகு புறப்பட்டது. கையை அசைத்தேன். கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்பதை நான் சொல்லவில்லை.