அம்மா இறக்காத மூட்டைகள்

எங்கள் அம்மா ஜெகதீஸ்வரி மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள உரக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் ஒளித்துவைக்கும் ரிமோட்டை வீட்டில் கண்டுபிடிக்கத் தெரியாதவர், அங்கே ஒரு தொன் மூட்டையை அலுங்காமல் இறக்கி வைப்பார்.

கலியாணத்துக்குப் பரிசு வாங்கினால், விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டும்வரை அம்மாவின் கை நிற்காது. போன மாதம் வந்த மூட்டையிலும் ஒரு ஸ்டிக்கர் கொஞ்சம் கிளம்பி நின்றதாம். பழக்கத்தில் சுரண்டிவிட்டார். அடியில் வேறொரு நாட்டு அரசு உரத் தொழிற்சாலையின் பெயர் இருந்தது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளரைச் சிறையில் போட்டதால் கனடா தடை விதித்த தொழிற்சாலை அது.

அம்மா வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் கிருஷாந்தன் ஓடி வந்தார்.

“அக்கா, உங்கட நகத்துக்கு வேற வேலை இல்லையே? பேசாம இறக்குங்கோ.”

“சம்பளம் கேட்டவனை மறியல்ல போட்டவன்ர மூட்டை, தம்பி. நான் தொடமாட்டன்.”

“வேலை போகும்.”

“ஓம், தெரியும். சுங்கத்துக்கு நீர் கோல் எடுக்கிறீரோ, நான் எடுக்கவோ?”

அவர் அம்மாவையும் மூட்டையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தானே சுங்கத்துக்குப் போன் எடுத்தார். சுங்கக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் லொறியோடு கொண்டுபோனார்கள். கோபத்தில் முதலாளி அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார். யூனியன் போய்க் கதைத்த பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார்.

அம்மா திரும்ப வேலைக்குப் போன அன்று காலை பியர்பொன்ட்ஸ் பஸ் தரிப்பிடம் வரை அம்மாவின் சாப்பாட்டுப் பையை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

“இண்டைக்கு என்ன பகிடி?” என்று என் வழக்கமான குறும்பைத் தேடிப் பையைத் திறந்து பார்த்தார். சோறுதான் இருந்தது.

பஸ் வந்ததும், யாரும் கேட்காமலே, இவர் என் அம்மா என்று சாரதியிடம் பிரெஞ்சில் சொன்னேன்.