தோய்க்கிற கல்லும் துரையும்

நாயை வெளியே அனுப்பச் சொல்லி இதுவரை என்னிடம் யாரும் ஜெயித்ததில்லை. போன மாதம் கேளம்பாக்கத்தில் என் மகன் பிளாட்டுக்கே நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். எங்கள் நாய்க்கு வயிறு கெட்டிருந்தது. சோதித்துப் பார்த்த மிருக டாக்டர் சால்மோனெல்லா கிருமி என்று சொல்லியிருந்தார். அது எப்படியோ கீழ்வீடு வரைக்கும் தெரிந்துவிட்டது.

"குழந்தைங்க இருக்கிற இடம்மா. எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க."

"நாயி எங்கயும் போவாது. நீங்க போறப்ப கதவ சாத்திக்கினு போங்க" என்றேன். சாத்திக்கொண்டுதான் போனார்கள்.

அந்த வியாதியோடு எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம் உண்டு. அப்போது அதன் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் எங்கள் வீடு. நைனா தோப்பில் மரம் வெட்டுவார். அம்மாவின் தம்பி, என் மாமா, கடற்கரையில் ஒரு லாட்ஜில் சமையலுக்கு இருந்தார். வீட்டில் நான், தவழ்கிற வயதில் தம்பி, அப்புறம் துரை. துரை என்பது நாய். கடல் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைப்போலச் செம்பட்டை முடி அதற்கு. பெயர் வைத்தது நான். அது குட்டியாகத் தோப்பில் கிடந்ததைத் தூக்கிவந்ததும் நான்தான். ஆகையால் அது என் நாய். இதில் யாருக்கும் பேச்சில்லை.

மாமாவுக்குத் துரைமேல் கொள்ளை ஆசை. லாட்ஜில் கோழி அறுத்தால் குடலும் தலையும் ஒரு தகர டப்பாவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அம்மா வேகவைத்துப் போடச் சொல்வாள். மாமா கேட்க மாட்டார்.

"வேவ வெச்சா வீரம் பூடும்க்கா. பச்சையா துன்னாத்தான் நாயி."

துரையின் வீரம் எனக்குத் தெரியும். நண்டைப் பார்த்தாலே என் பாவாடைக்குப் பின்னால் வந்து நிற்கும். மாமாவிடம் அதைச் சொன்னதில்லை. மணலில் கொட்டினால் மண் ஒட்டும், மண் ஒட்டினால் துரை தின்ன மாட்டான் என்று சொல்லி, கிணற்றடியில் இருந்த தோய்க்கிற கல்லின்மேல்தான் அந்த டப்பாவைக் கவிழ்ப்பார். மகாராஜாவுக்கு வாழையிலை போட்டதுபோல. துரை தின்று முடித்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டால் கல் சுத்தம். அதே கல்லில் அம்மா துணி தோய்ப்பாள். அதே கல்லில் தம்பியை உட்கார வைத்துக் குளிப்பாட்டுவாள். அவன் ஈரக் கல்லைத் தட்டித் தட்டி அந்தக் கையை வாயில் வைத்துச் சப்புவான். எல்லோரும் பார்த்துச் சிரிப்போம்.

ஒருமுறை துரைக்கு வயிற்றால் போனது. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. சரியாகி ஓடியாடத் தொடங்கிய பிறகு தம்பி படுத்தான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அதில் ரத்தம். கண் உள்ளே போய்விட்டது, அழக்கூடத் தெம்பில்லை. அம்மாவும் நைனாவும் அவனைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அம்மா அங்கேயே தங்கினாள். நைனா மட்டும் திரும்பி வந்தார். டாக்டரம்மா அம்மாவை உட்காரவைத்து நிறையப் பேசினாராம். நைனா அந்த நேரம் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்து, வீடுவரை கொண்டுவந்தது ஒரே சங்கதிதான்.

"நாய்னாலதான் வந்துச்சாம். புள்ள வர்றதுக்குள்ள இத்த எங்கனா வுட்டுட்டு வரணும்."

மதுராந்தகம் ஏரிப்பக்கம் விட்டால் திரும்பி வராது என்று முடிவானது. சாக்கு எடுத்து வந்தது யார் என்கிறீர்கள்? மாமாதான். ஆசையாகக் குடல் போட்ட அதே கை.

நான் கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையைத் துரையின் கழுத்தில் கட்டினேன். மறுமுனையை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு தோய்க்கிற கல்லின்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"எய்ந்திரு" என்றார் நைனா.

"மாட்டேன். என்னையும் சாக்குல போட்டு எட்த்துகினு போ."

"ஏ பொண்ணு, ரெண்டு பேருக்கும் சேத்து பஸ்ல ஒரே டிக்கிட்டா குடுப்பான்?" என்று மாமா சிரிக்கப் பார்த்தார்.

எனக்கு வந்தது ஆத்திரம். "நீ பேசாத மாமா! கோயிக்கொடல இந்தக் கல்லுல கொட்னது யாரு? தொரயா? டப்பாவ தூக்க அதுக்குக் கை கீதா?"

மாமாவின் கையிலிருந்து சாக்கு நழுவியது. டாக்டரம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எதுவும் தெரியாது. மாமாவைக் குத்திக்காட்ட வேண்டும், அதற்காகத்தான் சொன்னேன். நைனா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் கண்ணை மூடவில்லை.

அடி விழுவதற்குள் படலைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். இடுப்பில் தம்பி, காய்ந்த கீரைத்தண்டுபோல. வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னவுடனே கிளம்பி, தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். சாக்கைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், என் இடுப்பு முடிச்சைப் பார்த்தாள்.

"நாய்னாலன்னுதான டாக்டரம்மா சொல்லிச்சி?" என்றார் நைனா.

"அது மட்டுமா சொல்லிச்சி?" என்றாள் அம்மா. தம்பியின் தலையைத் தடவினாள். பிறகு, "நாயி இங்கியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன். அன்று தோப்பு முழுக்கத் துரையை இழுத்துக்கொண்டு ஊர்வலம் போனேன்.

ஆனால் அன்றிலிருந்து அம்மாவுக்கு என் நாய் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்தேன். துரையைத் தள்ளி ஒரு சவுக்கு மரத்தில் கட்டினாள். அதற்கென்று ஓர் உடைந்த சட்டி. குடலை மாமாவே அடுப்பு மூட்டி வேகவைக்க வேண்டும், தவறினால் டப்பா பறக்கும். துரை கழிந்த இடத்தை மண்வெட்டியால் தோண்டிப் புதைப்பாள். ஆஸ்பத்திரியில் பொட்டலம் கட்டிக் கொடுத்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கல்லையும் கிணற்றடியையும் விடியலிலும் சாயங்காலமும் தேய்ப்பாள். நான் துரையைத் தொட்டுவிட்டு வந்தால் பார் சோப்புப் போட்டு என் கை சிவக்கச் சிவக்கத் தேய்த்துவிடுவாள். எனக்கு வீம்பு. அவள் பார்க்கும்போதே போய்த் துரையைக் கட்டிக்கொள்வேன். அவள் ஒரு வார்த்தை திட்டாமல் திரும்பவும் சோப்பை எடுப்பாள்.

போன மாதம் மிருக டாக்டர் என் மகனிடம் நிதானமாக விளக்கினார். நாய் தெளிந்து ஓடியாடினாலும் அதன் வயிற்றில் கிருமி வாரக்கணக்கில் இருக்குமாம். அதன் கழிவிலும் தின்கிற இடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்து, நம் கை வழியாக வாய்க்குப் போகுமாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் ரொம்பவும் ஜாக்கிரதை வேண்டுமாம். நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னதும் இதுவாகத்தான் இருந்திருக்கும். எல்லாம் தெரிந்துதான், செத்துப் பிழைத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கெடக்கட்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

துரை கிழமாகித்தான் செத்தது, எங்கள் வாசலில். கீழ்வீட்டார் எத்தனை முறை வந்தாலும் இந்த நாயும் போகாது. பவுடர் கரைக்க எனக்கும் தெரியும்.

அந்த நாட்களில் அம்மாவின் உள்ளங்கை இரண்டும் வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. சோற்றைப் பிசையும்போது எரிகிறது என்று கையை உதறுவாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.