எஸ்தர் அக்கா மீட்ட என்ஜின்

செவ்வாய்க்கிழமை காலை, பால் வாங்கிக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் மகள் கைபேசியில் அழைத்தாள். “மாமா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. நேத்து சாயந்திரங்கூட வண்டிக்கு எண்ணெ போட்டுட்டு வந்தாங்க” என்றாள். வண்டி என்றால் அவர்கள் வீட்டில் ஒன்றுதான்: ஐயம்பேட்டைக் கொட்டகையில் நிற்கும் பழைய நீராவி ரயில் என்ஜின்.

ரயில் பட்டறையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய கணவர் சாமுவேல் அந்த ரயில் என்ஜின் பட்டறையில் கலாசியாக, அதாவது உதவித் தொழிலாளியாக, இருந்தார். பட்டறைக்குள் பெட்டிகளை இழுத்துத் தள்ளும் சிறிய என்ஜினில் கொக்கி மாட்டும்போது, என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் சிக்கி இறந்துபோனார். கருணை அடிப்படையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. கைக்குழந்தைக்காரி என்று பெருக்கும் வேலையில் போட்டார்கள். ஆறு மாதம் பெருக்கிவிட்டு ஃபோர்மேன் எதிரில் போய் நின்று, “தொடப்பம் புடிக்கிற கை ஸ்பேனர் புடிக்காதா சார்?” என்று கேட்டார். ஓய்வு பெறும்போது பிரேக் பிரிவில் அவரைக் கேட்காமல் யாரும் ஒரு நட்டைக் கழற்றமாட்டார்கள். நான் வரைபடப் பிரிவில் இருந்தேன்.

பட்டறையை மூடிய பிறகு, உள்ளே கிடந்த பழைய வண்டிகளை வெட்டி இரும்பாக விற்கப்போவதாகச் செய்தி வந்தது. மறுநாளே அக்கா பேருந்து பிடித்து என் வீட்டுக்கு வந்தார்.

“அந்தச் சின்ன வண்டியக் காப்பாத்தணும்பா. பழைய வரைபடம் உங்கிட்ட இருக்குதா?”

சாமுவேலை நசுக்கிய என்ஜின் அது. கேட்டே விட்டேன். “அதையா அக்கா?”

“அதத்தான். வெட்டிட்டாங்கன்னா அங்க ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும்.”

மூடிய பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி நல்லவர். எல்லாப் பாகங்களுக்கும் ஒரு பட்டியலும், வண்டியை நிறுத்த மேற்கூரை உள்ள இடமும் காட்டினால், வண்டியை வெட்டாமல் எங்களுக்குக் கொடுக்கச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். மூன்று வாரம் முள்செடி வெட்டி, மண்ணெண்ணெயும் பழைய டீசலும் கலந்து துருப்பிடித்த இணைப்புகளில் ஊற்றி, அக்கா வண்டிக்கு அடியில் படுத்தபடி ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுதினேன். பித்தளைச் சாமான்களில் பாதி எப்போதோ காணாமல் போயிருந்தன. புதிதாக வார்த்து மாட்டிவிடலாம் என்றேன். “இல்லாதத இல்லன்னே எழுது. புதுச மாட்டிட்டுப் பழசுன்னு சொல்லாத” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

ஐயம்பேட்டையில் ஓடாமல் நின்றுபோன ஓர் அரிசி ஆலையின் கொட்டகை காலியாக இருந்தது. ஆலைக்காரர் தயங்கினார். “ஆளக் கொன்ன வண்டியாமே?”

“வண்டி என்னாண்ணே பண்ணும்? புருஷனப் பறிகுடுத்தவ நானே கொண்டாந்து வெக்கறேன்னு கேக்கறேன். உங்களுக்கு என்னா பயம்?” என்றார் அக்கா. அன்று மாலையே ஆலைக்காரர் கொட்டகையைக் கூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ட்ரெய்லரில் என்ஜின் வந்த நாள், ஐயம்பேட்டைத் திருப்பத்தில் ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்றுவிட்டன. “ஏம்மா, இது ஓடுமா?” என்று ஓர் ஓட்டுநர் கத்தினார். “ஓடனது போதும்பா, நிக்கட்டும்” என்று அக்கா பதில் சொன்னார். நீராவிக் காலத்தை யாராவது பொற்காலம் என்றால் அவருக்குப் பிடிக்காது. “வெந்துக்கினு கெடந்தோம். அத எவன் பொன்னுன்னான்?” என்பார்.

வண்டிக்கு முன்னால் வைக்கும் பலகைக்கு நான்தான் வாசகம் எழுதினேன். ‘பல்லாண்டுகள் பழுதின்றி உழைத்த என்ஜின்’ என்று தொடங்கியிருந்தேன். அக்கா வாசித்தார். கோபப்படவில்லை. “பழுதில்லாமன்னு எப்டிபா எழுதுவ?” என்று மட்டும் கேட்டார். பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வண்டியைச் செய்தவர்கள், கடைசியாகப் பழுது பார்த்தவர்கள், அதற்குக் கீழே இப்படி: ‘கொக்கி மாட்டும் பணியில் உயிர் நீத்தவர் சாமுவேல். அன்று ஓட்டியவர் கோவிந்தசாமி. அவர்மேல் தவறில்லை.’

செத்தவர் பெயரைப் போட்டால் பார்க்க வரும் பிள்ளைகள் பயப்படும் என்றார் ஆலைக்காரர். “பயப்படட்டும். இரும்புல கை வெக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பாப்பாங்க” என்றார் அக்கா.

கோவிந்தசாமி ஏனாத்தூர்க்காரர். விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்ந்தும், மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அக்கா முகத்தில் அவர் விழித்ததே இல்லை. கொட்டகை திறந்த அன்று கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஒரு முதியவர் நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார்.

“என்னாண்ணே வெளியிலயே நின்னுக்கினு இருக்கீங்க? வாங்க.”

“எந்த மொகத்த வெச்சிக்கினு வருவேம்மா?”

அக்கா அவர் கையைப் பிடித்து அழைத்துவந்து பலகை முன்னால் நிறுத்தினார். கோவிந்தசாமிக்குக் கண்பார்வை மங்கல். அக்காவே வாய்விட்டு வாசித்தார். கடைசி இரண்டு சொற்களை இரண்டு முறை வாசித்தார். முதியவர் அழுதார். அக்கா அழவில்லை; அவர் வண்டியில் ஏறுவதற்கு வசதியாக, படியில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்து ஓரமாகப் போட்டார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நம்மில் பலர் இருந்தோம். எல்லோருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது. நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது இதுதான்: நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு கையை நீட்ட வேண்டும். எனக்கு இதில் முதல் பாதிதான் இதுவரை வந்திருக்கிறது. என் சொந்தத் தம்பியோடு ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. நேற்று அவன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.