நல்லவேளையும் நாய்வேளையும்

பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் களை ஒன்று முளைத்திருந்தது. சேலத்தில், மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மூன்றாவது மாடி பால்கனியில், எனக்கென்று மிஞ்சியிருக்கிற விவசாயம் அந்த ஒரு டப்பாதான். ஆனாலும் கை சும்மா இருக்குமா? காட்டில் களை வெட்டிப் பழகிய கை, பிடுங்கப் போனது. தண்டைத் தொட்டதும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன். பச்சைக் கடுகை நசுக்கினதுபோல ஒரு காட்டம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கவில்லை.

அந்தச் செடியின் பேர் நல்லவேளை. எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? எழுதத்தான் முடிகிறது. வாயால் சொல்லிப் பல வருஷமாகிறது. செடியின் பேரை மட்டுமில்லை, "நல்லவேளை, மழை வரல", "நல்லவேளை, பஸ்ஸு கெடச்சுது" என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறதே, அந்தச் சொல்லே என் நாக்கில் ஏறுவதில்லை. "தப்பிச்சோம்" என்பேன், "புண்ணியமாப் போச்சு" என்பேன், சுற்றி வளைத்து எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். பைத்தியக்காரத்தனம்தான். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எருமப்பட்டிப் பக்கம் எங்களுக்கு, வீட்டு வாசலிலிருந்தே தெரிகிற ஒரு மேட்டாங்காடு இருந்தது. கிணறு கிடையாது. மழையை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற செம்மண் பூமி, நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை. ஆடி போய் நல்லதாக ஒரு மழை விழுந்தால் வரப்பெல்லாம் வேளைச் செடி கிளம்பிவிடும். அதில் ரெண்டு சாதி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே முளைக்கும், ரெண்டுக்கும் இலை விரல் விரித்த கை மாதிரி இருக்கும், ரெண்டும் பிசுபிசுக்கும். மஞ்சள் பூ பூப்பது நாய்வேளை. அது காலையில் விரிந்துவிடும். நாற்றம் வேறு, எங்கள் பக்கத்தில் யாரும் அதை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். கீரைக்கு ஆவது வெள்ளைப் பூ பூக்கிற நல்லவேளைதான்.

அந்த வெள்ளைப் பூ பகலெல்லாம் மொட்டாக உம்மென்று இருக்கும். மேய்ச்சலுக்குப் போன மாடு திரும்புகிற நேரத்தில்தான் விரியும். நாலு இதழ், நாலும் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கும். நடுவிலிருந்து ஒரு காம்பு எழும்பி, அந்தக் காம்பின் மேலிருந்து ஊதா நிறத்தில் ஆறு மகரந்தத்தாள் கிளம்பி ஆடும். பூவுக்குள்ளிருந்து இன்னொரு பூ தண்டு விட்டதுபோலத் தெரியும். மகரந்தத்தாள் என்றெல்லாம் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். படித்தது பத்தாவதுதான். அங்கே கிடைத்த நாலு நல்ல சொற்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். விரிந்த பூ மறுநாள் வெயிலில் வாடிப்போகும். அப்புறம் ஒல்லியாகக் காய் நீளும், காய்ந்து வெடித்தால் கடுகு மாதிரி விதை கொட்டும். தை மாசம் போய்ப் பார்த்தால் செடி இருந்த இடமே தெரியாது. விதை மட்டும் அடுத்த மழைக்காக மண்ணுக்குள் கிடக்கும்.

என் வீட்டுக்காரரும் அப்படித்தான், மழைக்கு மட்டும் வருகிற ஆள். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வெயில் காலம் முழுக்க வடக்கே ஏதாவது ஊரில் போர் போட்டுக்கொண்டிருப்பார். அங்கே மழை பிடித்துவிட்டால் சேற்றில் வண்டி இறங்காது, அப்போதுதான் வீடு. வரப்பில் வேளைச் செடி நாலு இலை விட்டதென்றால் ஆள் சீக்கிரம் வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். நானும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, ஒன்றுமே தெரியாதவள்போல வேலை செய்துகொண்டிருப்பேன். கிரீஸும் கல்லுப்பொடியும் மணக்க வந்து நிற்பார்.

"நல்லவேளை, வந்துட்டீங்க" என்பேன்.

"செடியச் சொல்றியா, என்னையச் சொல்றியா?" என்பார். வருஷா வருஷம் இதே பேச்சு. நானும் புதிதாகக் கேட்கிறாற்போல வருஷா வருஷம் சிரிப்பேன்.

கல்யாணமான முதல் மழைக்குக் கீரை பறித்துவரச் சொன்னேன். துண்டு நிறையப் பறித்துவந்து பெருமையாகக் கொட்டினார். அத்தனையும் மஞ்சள் பூ.

"ஏனுங்க, இது நாய்வேளைங்க. வெள்ளப்பூ இருக்கறதுதான் நல்லவேளை."

"அதெப்படி அம்மிணி? மஞ்சதான மங்களம்? அப்ப மஞ்சப்பூதான் நல்லவேளையா இருக்கோணும். வெள்ள எப்படி நல்லதாகும்?"

பூமிக்கடியில் என்ன பாறை ஓடுகிறது என்று மேலே வருகிற புழுதிப் புகையைப் பார்த்தே சொல்கிற மனுஷன். கண்ணெதிரே நிற்கிற கீரை தெரியவில்லை. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அதற்கப்புறம் சாயங்காலம் ஆகாமல் காட்டுப் பக்கம் போக மாட்டார். அந்த நேரத்தில் எது விரிகிறதோ அதைப் பறித்தால் தப்பாகாதல்லவா? ஆக, பறிப்பதில் திருந்திவிட்டார். பேரில்தான் கடைசிவரை திருந்தவில்லை. வெள்ளைப் பூக் கீரையை மடி நிறையக் கொண்டுவந்து, "இந்தா அம்மிணி, உன்ற நாய்வேளை" என்று வைப்பார். வீம்பு. மகள் நடக்கத் தொடங்கியதும் அவளையும் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போவார். காட்டுக்குள் அப்பனும் மகளும் என்னதான் பேசிக்கொள்வார்களோ, திரும்பி வரும்போது ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். நான் கசப்புத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுப் பருப்புப் போட்டுக் கடைவேன்.

மகள் ஒண்ணாவது படித்த வருஷம் நல்ல மழை. செடி இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. போன் போட்டார்.

"வண்டி கெளம்பிருச்சு. செடி வந்துருச்சா?"

"மொட்டு வெச்சுருச்சுங்க."

"நீ பறிச்சுராத. நான் வந்து பறிச்சுக்கறேன்."

வழியில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி டயர் பார்க்க இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. சொன்ன நாளில் வந்துவிட்டார், ஆம்புலன்ஸில். சாயங்காலம். அவரை இறக்கி வாசலில் கிடத்தும்போது நான் நிமிர்ந்து காட்டைத்தான் பார்த்தேன். வரப்பு முழுக்க வெள்ளையாக விரிந்து நின்றது.

சனம் வந்தது. துக்கத்துக்கு வருகிறவர்கள் எதையாவது சொல்லித் தேற்றத்தானே வேண்டும்? பாவம், அவர்கள் மேல் தப்பே இல்லை. ஒருத்தர், "நல்லவேளைங்க, மொகத்துல ஒரு கீறலில்ல" என்றார். இன்னொருத்தர், "நல்லவேளை, கூட வந்த பசங்க கையோட கொண்டாந்து சேத்துட்டாங்க" என்றார். "நல்லவேளை சாமி, ரொம்ப நேரம் கஷ்டப்படல" என்று ஒரு பெரியம்மா என் தலையைத் தடவினாள். வந்தவர்களெல்லாம் அந்தப் பேரையே சொன்னார்கள். 'செடியச் சொல்றியா, என்னையச் சொல்றியா' என்று கேட்கத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார் கேட்பார் என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் நிஜமாகவே ஒரு கீறலும் இல்லை. அதற்கப்புறம் எனக்கு வெள்ளைச் சேலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளை எப்படி நல்லதாகும் என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வருஷம் கீரை பறிக்கவில்லை. அடுத்த மழைக்கும் செடி வந்தது. வராமல் இருந்திருக்கக் கூடாதா என்று அதன் மேல் ஆத்திரப்பட்டு, மொட்டு விடுமுன் மம்முட்டியால் வெட்டித் தள்ளினேன். அதற்கடுத்த வருஷமும் வந்தது. விதைக்கு என்ன தெரியும்? மழை பெய்தால் வரும். ஆள் அப்படியா?

இப்போது காடும் இல்லை. கைமாறி, சைட்டு போட்டு, வரிசையாகக் கல் நட்டு, தார் ரோடும் விட்டாயிற்று. கடலை இல்லை, சோளம் இல்லை, சாயங்காலம் திரும்பி வர மாடும் இல்லை. ரோடு போடுமுன் ஒரு டப்பா மண் அள்ளி வந்து கறிவேப்பிலை வைத்தேன். அந்த மண்ணில்தான் இந்த விதையும் கிடந்திருக்கிறது, இத்தனை நாள் சத்தம் காட்டாமல்.

பிடுங்காமல் விட்ட செடி வளர்ந்து மொட்டும் வைத்தது. நேற்று சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்தபோது முதல் பூ விரிந்துகொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்கு வந்து குனிந்து பார்த்தாள். இதன் பேரைக் கேட்டுவிடப் போகிறாளே, என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. நுனி விரலால் பூவைத் தொட்டாள்.

"ஏம்மா, இது நாய்வேளைதானுங்கம்மா? வெள்ளப்பூ பூத்தா நாய்வேளைன்னு அப்பா சொல்லிக் குடுத்திருக்காரு."

அவர் குரல் அவளுக்கு ஞாபகமில்லை. முகத்தைக்கூட போட்டோ பார்த்துத்தான் சொல்வாள். இது மட்டும் அவளிடம் இருந்திருக்கிறது.

"ஆமா சாமி, நாய்வேளைதான்" என்றேன்.